தந்தையும் மகனும் துப்பாக்கியும்

மாலை வேளை. அமெரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்று. வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையில் விளக்கு எரிகிறது. மேசைமீது தாள், தாளின்மீது குனிந்த இரு தலைகள். ஒன்று நரை கண்டது; மற்றொன்று மீசை அரும்பாத இளமுகம். எந்தக் குழல், எந்தக் கட்டை, எவ்வளவு செலவு என்று பட்டியல் வளர்கிறது. தந்தையும் மகனும் திட்டமிடுகிறார்கள். எதற்கு? பட்டம் விடவா? படகு கட்டவா? இல்லை தோழர்களே, துப்பாக்கி செய்ய!

திடுக்கிட வேண்டாம். அந்நாட்டில் இது திருட்டுத் தொழிலன்று. படைக்கலம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் இரண்டாம் திருத்தம் 1791-லேயே அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர், விற்பனைக்கன்றித் தம் சொந்தப் பயனுக்குச் செய்துகொள்ள, 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. சில மாநிலங்கள்தாம் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஆகவே உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே ரைபிள் பூட்டுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு.

“பைத்தியக்கார நாடு” என்று கூறிக் கைகழுவுவது எளிது. அது பகுத்தறிவாகாது. அந்தத் தந்தையின் வாதத்தையும் கேட்போம்.

“என் மகன் திரையை விட்டு எழுந்தான். அளக்கக் கற்றான், பொறுக்கக் கற்றான். மறைத்து வைத்தால் ஆசை வளரும். கற்றுக் கொடுத்தால் அடக்கம் வளரும். என் தந்தை என்னை மான் வேட்டைக்கு அழைத்துச் சென்றார்; நான் என் மகனை அழைத்துச் செல்கிறேன்.” இதுதான் அவர் வாதம். இதில் உண்மை உண்டு. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக் காலத்துக்கெனப் பள்ளிகளே விடுமுறை விடுவதுண்டு. அந்தத் தந்தை கொடியவரல்லர். பிள்ளையோடு பொழுது கழிக்க விரும்பும் பாசமுள்ளவர்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பொறுமையும் அளவும் மேசை செய்தால் வாராவோ? செய்யும் செயல் ஒன்றாயினும் செய்யப்படும் பொருள் ஒன்றாகுமோ? பிழையோடு செய்த நாற்காலி ஆடும். பிழையின்றிச் செய்த துப்பாக்கி கொல்லும்! ஆசிரியன் நான். பிள்ளை பாடத்தை மட்டும் கற்பதில்லை. பாடம் சொல்பவர் எதைப் பெருமையாகக் கருதுகிறார் என்பதையும் சேர்த்தே கற்கிறது என்பதை நாள்தோறும் வகுப்பில் காண்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 2020 முதல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளோரைப் பலிகொள்ளும் காரணங்களில் முதலிடம் துப்பாக்கிக்கு. நோய்க்கன்று, சாலை விபத்துக்கன்று, துப்பாக்கிக்கு! எல்லா வயதினரையும் சேர்த்தால், துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. இளம் உள்ளத்தில் இருள் சூழும் நேரம் சில நிமிடமே இருக்கலாம். அந்நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எது என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. தன் கையால் பூட்டிய துப்பாக்கி எங்கே இருக்கிறது, எப்படி இயங்குகிறது என்பதை அந்த மகனைவிட அறிந்தவர் யார்?

மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் ஒருவன் சுட்டான். மாணவர் நால்வர் மாண்டனர். அது வீட்டில் செய்ததன்று. தந்தை நான்கு நாள் முன்பு கடையில் வாங்கிய கைத்துப்பாக்கி. வாங்கிய மறுநாளே தாய் மகனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். அதுவும் “பிள்ளையோடு கழித்த பொழுது”தானே! 2024-இல் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்றது. பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை விதித்தது.

அத்தீர்ப்பு சொல்வதென்ன? உழைப்பைப் பங்கிடலாம், பொறுப்பைப் பங்கிட முடியாது. திருகைத் திருகியது இருவர் கை. பதில் சொல்ல வேண்டியது ஒருவர் வாய். உரிமம் பெற்ற வணிகர் பதினெட்டு வயது நிரம்பாதவனுக்கு ரைபிள் விற்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். “நாம் செய்தது” என்று மகனிடம் சொல்லும் தந்தை, “இது என் பொறுப்பு, சாவி என்னிடம்” என்று சொல்லவும் துணிய வேண்டும். கூட்டாளியாகிவிட்ட தந்தைக்கு அந்தத் துணிவு வருமா? அங்கேதான் ஐயம்!

புறநானூற்றில் பொன்முடியார் பாட்டொன்று உண்டு. போர்க்களத்தைப் போற்றும் மறப்பாட்டு அது. ஆயினும் அதில் வேலைப் பிரிவினை எவ்வளவு தெளிவு! பெற்று வளர்ப்பதைத் தாய்க்கும், பண்பாளனாக்குவதைத் தந்தைக்கும், படைக்கலம் வடிப்பதைக் கொல்லனுக்கும் உரியதாக்கினார் அந்தப் பெண்பாற் புலவர். போரையே வாழ்வாகக் கொண்ட காலத்தும் தந்தையைக் கொல்லனாக்கவில்லை தமிழ்!

வேட்டையாடி உண்ணும் ஊரினர் துப்பாக்கியைத் துறக்கட்டும் என்று இங்கிருந்து ஆணையிட நான் யார்? என் வேண்டுகோள் ஒன்றே. அந்தத் தாளில் குழலுக்கு முன் பூட்டை எழுதுங்கள். விசைக்கு முன், “உன் மனம் நலமா?” என்று மகனைக் கேளுங்கள். அவன் தயங்கினால், தாளை மடித்து வைத்துவிட்டுப் படகு கட்டுங்கள்!

துப்பாக்கியைச் செய்து முடிக்கச் சில நாள் போதும். மனிதனைச் செய்து முடிக்கவோ ஆண்டுகள் பல வேண்டும். முந்தியதை முடித்துவிட்டுப் பிந்தியதைத் தொடங்கலாம் என்பவர் தந்தையல்லர், வெறும் கொல்லர்!