கடைசியில் நிற்பவள்

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், தண்டையார்பேட்டையில் சிறுமியர் கால்பந்தாடிய திடலொன்றின் ஓரம் நாம் சற்று நேரம் நின்றோம். அப்பால், சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையாது வரிசைகட்டி நின்றன. இரண்டு செங்கற்களுக்கு நடுவே கோல் காக்க ஒரு சிறுமி, பன்னிரண்டு வயதிருக்கலாம். பந்து அவளைக் கடந்து போயிற்று. உடனே எல்லாரும் அவளை ஏசினர். நடுத்திடலில் பந்தைப் பறிகொடுத்தவளின் குரலே ஓங்கி ஒலித்தது. நாமும் அந்தச் சிறுமியைப் பார்த்தே உச்சுக்கொட்டினோம். பறிகொடுத்தவளைப் பார்த்து அல்ல.

ஒரு கோலுக்கு யார் பொறுப்பு? முறையான ஆட்டத்தில், பந்து வரும் வழியில் பத்துப் பேர் இருக்கின்றனர். அவர்களின் பிழைகள் ஆட்டத்தின் ஓட்டத்தில் கரைந்துவிடுகின்றன. கடைசிப் பிழை மட்டும் வலையில் கிடந்து எல்லார் கண்ணிலும் படுகிறது. காக்க வேண்டிய வாயிலோ 24 அடி அகலம், 8 அடி உயரம். ஆடவருக்கும் மகளிருக்கும் அதே அளவுதான். இரு கைகளால் அதை அடைத்துவிட எவராலும் இயலாது.

சென்னையில் 1992-இல் பிறந்து, தில்லியில் வளர்ந்த அதிதி சவுகான், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2015-இல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியின் கோல் காவலரானார். இங்கிலாந்து லீக் ஆட்டத்தில் இடம்பெற்ற முதல் இந்தியப் பெண் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த முதல் ஆட்டத்தில் அவருடைய அணி 5-0 என்று தோற்றது. ஆயினும் 2018 வரை அவ்வணியில் நீடித்தார். 2022 சனவரி 20 அன்று, நவி மும்பையில் ஆசியக் கோப்பைப் போட்டி. ஈரானுக்கு எதிராக அவர் ஒரு கோலும் விடவில்லை. இந்தியாவும் கோல் போடவில்லை. மூன்றே நாளில் கொரோனாத் தொற்றினால் ஆட ஆளின்றி, இந்திய அணி போட்டியை விட்டே வெளியேறியது. 2025-இல் அவர் ஓய்வு பெற்றார். ஐந்து விட்ட நாளைக் கொண்டு அவரை அளப்பதா, ஒன்றும் விடாத நாளைக் கொண்டா?

'என் தவறே இல்லை' என்று கோல் காவலர் சொன்னால் அது பொய்யாகலாம். 'எல்லாம் என் தவறே' என்பதும் உண்மையன்று; அதில் தன்னையே நடுவில் நிறுத்திக்கொள்ளும் நுண்ணிய அகந்தை ஒன்று ஒளிந்திருக்கிறது. விழுந்த கோலை நினைத்து உருகுபவர் அடுத்த பந்தைக் காணமாட்டார். மறுபடி நிமிர்ந்து நிற்பதை மறதி என்பர் சிலர். நாம் அதை ஒப்பவில்லை. தன் பங்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் ஏற்றுக்கொள்வது மறதியைவிடக் கடினமானது.

ஆனால் அந்தப் பங்கை அளந்து கொடுக்க வேண்டியவர்கள் மற்றவர்கள் அல்லவா? நம் வடசென்னை வீடுகளை எண்ணிப் பார்ப்போம். மகன் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டால், "நீ வீட்டுல என்னாதான் பாத்துக்கினு இருந்தே?" என்ற கேள்வி தாயிடம்தான் வருகிறது. கேட்பவர், பெரும்பாலும், பந்தை முன்னரே பறிகொடுத்தவர். தந்தை, தெரு, பள்ளி அனைத்தையும் கடந்த பிறகே அது அவளிடம் வந்து சேர்ந்தது.

திடலில், கடந்துபோன பந்து மதிலோரக் குப்பையில் கிடந்தது. பின்னால் நிற்பவளே போய் எடுத்துவர வேண்டுமென்பது அங்கே எழுதாச் சட்டம் போலும். அவள் எடுத்து வந்தாள். பாவாடையில் துடைத்து, உரக்க ஏசியவளிடமே உருட்டிவிட்டு, செங்கற்களுக்கு நடுவே போய் நின்றாள்.