யாருக்குப் பட்ட கடன்?

வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களிடம் நம்மவர்கள் கேட்கும் கேள்விகளெல்லாம் பெட்டியைப் பற்றியவை. என்ன கொண்டு வந்தாய், எவ்வளவு சேர்த்தாய், மறுபடி எப்போது பயணம் என்று கேட்கிறோம். அங்கே யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று மட்டும் கேட்பதில்லை. வியாபாரம் செய்து திரும்பியவனிடம் அப்படிக் கேட்பதற்கு அவசியமும் இல்லை. சரக்குக்குப் பணம் வந்துவிட்டால் அவன் கணக்கு முடிந்தது. ஆனால் பாடம் சொல்லப் போனவர் திரும்பி வந்தால்? அதிலும், பாடம் சொல்லப் பழகிக்கொள்வதற்காகவே போனவர் திரும்பி வந்தால்?

எங்கள் சேரப்பணஞ்சேரி, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரகடத்தை ஒட்டி இருக்கிறது. ஏரியையும் நெல்லையும் நம்பியிருந்த வட்டாரம் இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியர்களின் கார்த் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலேயே பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும் சேர்ந்து ஒன்றைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு அயல்நாட்டு முகமோ அயல்நாட்டுப் பயணமோ எங்களுக்கு அதிசயமாக இல்லை. ஆகவே என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுப் பெண் சீமைக்குப் போய் ஆசிரியப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது ஊர் வியக்கவில்லை. “படிச்சு முடிச்சிட்டு அங்கேயே வேலை பார்க்காம எதுக்கு வந்தே?” என்றுதான் கேட்டது. தகப்பனார் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறவர். படிப்புக்கு வங்கிக் கடன் இருக்கிறது. ஊரார் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இங்கிலாந்தில் அந்தப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. ஓராண்டுப் படிப்பில் பள்ளிக்கூடங்களில் இருந்து பாடம் நடத்திப் பழக வேண்டும். அதுவும் இரண்டு பள்ளிகளிலாவது. இவளுக்குக் கிடைத்தவை லிவர்பூல் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகள். ஒரு மாலை என்னிடம் பேசிக்கொண்டிருந்தவள், யாரும் கேட்காததைத் தானாகவே சொன்னாள்.

“முதல் மாசம் பின்னக் கணக்கு நடத்தினேன், சித்தப்பா. முழுக்கத் தப்பாப் போச்சு. மறுநாள் அந்த வகுப்பு டீச்சர் முதல்லேருந்து நடத்தினாங்க. அந்தப் பசங்களுக்கு ஒரு நாள் போனது போனதுதானே? என் வேலை அவங்ககிட்டதான் படிச்சேன். சரியா நடத்த வந்தப்போ கிளம்பிட்டேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஒரு பையன் ‘திங்கட்கிழமை வருவீங்க இல்ல?’ன்னு கேட்டான்.”

அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம்மிடம் ஒரு பழமொழி வழங்குகிறது. அது ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்றிருந்து திரிந்தது என்று புலவர்கள் திருத்துவார்கள். மூலிகை வேர்களைப் பிடுங்கி ஆராய்ந்தவன் என்று பொருள் கொண்டால் வைத்தியருக்கு மானம் மிஞ்சும். ஆனால் மக்கள் தெரிந்தேதான் அதைப் ‘பேராக’ மாற்றினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எந்தத் தொழிலையும் யாராவது ஒருவர் தலையில்தான் பழக வேண்டியிருக்கிறது. தச்சன் கெடுப்பது மரத்தை. வாத்தியார் கெடுத்தால் கெடுவது ஒரு குழந்தையின் காலைப்பொழுது. அந்தக் குழந்தை சம்மதம் கொடுத்து வந்து உட்காரவில்லை.

இதே லிவர்பூல் பக்கத்தில் கிர்க்பி என்று ஓர் இடம். இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக அங்கே கட்டிய விடுதிகளில், 1950-களின் தொடக்கத்தில் மலாயாவுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்று வந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கப்பலேறிப் போய் இரண்டாண்டு தங்கிப் படித்தார்கள். அக்கம்பக்கத்து ஆங்கிலப் பள்ளிகளில் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திப் பழகினார்கள். 1956 பிப்ரவரி 7-ஆம் தேதி துங்கு அப்துல் ரகுமான் அந்தக் கல்லூரிக்கு வந்து, அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31-ல் மலாயா சுதந்தரம் அடையும் என்று அந்த மாணவர்களிடம் அறிவித்தார். 1962-ல் கல்லூரி மூடப்படும்வரை அணி அணியாகத் திரும்பி, புதிய நாட்டின் பள்ளிக்கூடங்களை அவர்கள் நிரப்பினார்கள்.

அவர்களைப் படிக்க வைத்தது மலாயா அரசாங்கத்தின் பணம். திரும்பிப் போய் வேலை செய்து அதைத் தீர்த்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் குளிரில் மூக்குறிஞ்சிக்கொண்டு, வேற்று நாட்டு உச்சரிப்பைப் பொறுத்துக்கொண்டு, அரைகுறைப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்ட கடனை எந்தக் கஜானா தீர்த்தது? ஆளும் இனத்தின் குழந்தைகள் ஆளப்பட்ட நாட்டின் ஆசிரியர்களை உருவாக்கினார்கள்! ரப்பர்த் தோட்டங்களின் நாட்டில் ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அதன் பலன் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. நடுவில் நின்ற ஆசிரியருக்கு மட்டும் தெரியும். அவர் அதை மறந்துவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அப்படியானால் கடனை வேறு ஊரில், வேறு ஆளிடம் தீர்ப்பது செல்லுமா? செட்டியாரிடம் வாங்கிவிட்டு முதலியாரிடம் திருப்பிக் கொடுத்தேன் என்றால் எந்த நீதிமன்றமும் ஒப்பாது. ஆனால் தாய்ப்பாலுக்குப் பட்ட கடனைத் தாய்க்குத் திருப்பிக் கொடுத்தவர் உண்டா? தன் குழந்தைக்குத்தான் கொடுக்கிறோம். பாடமும் அந்த இனத்தைச் சேர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனினும் இது விட்டுவந்தவரின் சமாதானம். விடப்பட்டவர் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன? இதை எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர் எதிர்கொண்டிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் இராமானுஜர், சோழ நாட்டில் இருக்க முடியாமல் போசள நாட்டுக்குச் சென்று, மேல்கோட்டையில் தங்கி உபதேசம் செய்தார். பன்னிரண்டு ஆண்டுகள் என்று வைணவ மரபு கூறும். திருவரங்கம் திரும்பும் வேளை வந்தபோது மேல்கோட்டைச் சீடர்கள் கலங்கினார்களாம். தம் உருவத்தைப் போல ஒரு விக்கிரகம் செய்யச் சொல்லி, அதை அவர்களுக்காக விட்டுப் போனார். ‘தமர் உகந்த திருமேனி’ என்று அதற்குப் பெயர். அவர் பிறந்த ஊரிலும் ஒரு விக்கிரகம் இருக்கிறது. அது ‘தான் உகந்த திருமேனி’. பக்தி வேறு விஷயம். நான் கதை எழுதுகிறவன், எனக்கு அந்தப் பெயர்களில்தான் கண் போகிறது. சொந்த ஊரில் இருப்பது தமக்குப் பிடித்தது. அயலூரில் இருப்பது அங்குள்ளவர்களுக்குப் பிடித்தது. திரும்பி வருகிறவரின் கலக்கம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இத்தனைக்கும், தாம் போவது அவர்களுக்குத் துன்பம் என்பதை அவர் பூசி மெழுகவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

எல்லாரும் சிலை வைத்துவிட்டு வர முடியுமா! அந்தப் பெண் தன் கடைசி வகுப்பில் ஒவ்வொரு குழந்தையின் நோட்டிலும் தமிழில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அவள் படிப்பை இங்கே ஒப்புக்கொள்வதற்கான காகிதங்கள் போயிருக்கின்றன; இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருக்க மாட்டாமல் மாலையில் வீட்டு வாசலில் பாடம் நடத்துகிறாள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்து வாடகை வரிசையில் குடியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். புளியங்கொட்டையைக் குவித்து வைத்துப் பின்னக் கணக்கு நடக்கிறது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் காத்திருக்கிறாள். தமிழ் சரியாக வராத குழந்தை வாய்க்குள்ளேயே சொல்லைத் தேடும் வரையில் காத்திருக்கிறாள். தானும் ஒரு வகுப்பில் சொல்லைத் தேடி நின்றவள் அல்லவா?

“சீமையிலே படிச்சிட்டு வந்து புளியங்கொட்டை எண்ணுது” என்று தகப்பனார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். மாதத் தவணை அவர் கையை விட்டுப் போகிறது. அந்தக் குறையை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். பிறகு அவரே சொன்னார்: “அதுங்களும் இங்கே தங்கப் போறதில்லே, சார். காண்டிராக்ட் முடிஞ்சா மூட்டையைக் கட்டிடுவாங்க.”

சென்ற மாதம் அப்படியே நடந்தது. ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. திங்கட்கிழமை அந்தப் பையன் வரவில்லை. அவனுடைய கணக்கு நோட்டு அவளிடம் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனார்கள் என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. நோட்டை அலமாரியில் வைத்திருக்கிறாள்.