முனையில் நிறுத்திய வண்டி

பொதுவழியில் ஒருவர் குடத்தை வைத்துவிட்டுப் போகிறார். இன்னொருவர் அதில் தடுக்கி விழுந்து அடிபட்டால், குடத்துக்காரரே பொறுப்பு என்கிறது யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா.

தெருமுனையை மறைத்து நிற்கும் வேனும் அந்தக் குடம்தான். அதன் மறைவிலிருந்து சாலையில் இறங்கும் சிறுவன் ஓட்டுநர் கண்ணில் படும்போது, பிரேக் பிடிக்க நேரமிருக்காது.

அமெரிக்காவின் ஹோபோகன் நகரம் முனைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுத்தது; வேகத்தையும் குறைத்தது. 2017 ஜனவரிக்குப் பின் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சாலை விபத்தில் ஒரு சாவுகூட நிகழவில்லை. கலிபோர்னியாவிலோ, பாதசாரிக் கடவைக்கு முந்தைய 20 அடியில் வண்டி நிறுத்தச் சட்டமே தடை விதிக்கிறது.

வேனைப் பூட்டிவிட்டுப் போனவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அதனால் பொறுப்பும் இல்லையா? உண்டு. முனையில் ஆட்கள் கடப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து முனைகளையாவது நகராட்சிகள் உடனே காலிசெய்ய வேண்டும்.