அபாய ஓசையும் அமீனின் சொல்லும்

 

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு இங்கிலாந்து தேசத்தில் கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகள் ஒருசேர அலறின. ஆபத்து எதுவுமில்லை, அரசாங்கம் தன் அபாய அறிவிப்பைச் சோதித்துப் பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டிலும் இத்தகைய சோதனை நடந்தது. நம்மில் சிலர் இதை வேடிக்கையாகப் பேசுகிறோம். வேடிக்கை அன்று, சகோதரர்களே!

இது நம்முடைய எண்ணைக் குறித்து வைத்து அனுப்பும் செய்தியல்ல. கோபுரத்தின் அலை எட்டும் எல்லைக்குள் உள்ளோர் அனைவருக்கும், பாங்கோசையைப் போல, ஒரே சமயத்தில் சேருவது. அலை எட்டாத பள்ளத்திலும், அணைத்து வைத்த கருவியிலும் அது கேட்காது. மலைநாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃபா குன்றின்மீது ஏறிக் குறைஷியரைக் கூவி அழைத்த வரலாறு நாம் அறிந்ததே. மலைக்கு அப்பால் ஒரு படை வருகிறதென்று சொன்னால் நம்புவீர்களா என்றே முதலில் வினவினார்கள். நம்புவோம், உம்மிடம் பொய்யைக் கண்டதில்லை என்றனர் மக்கள். அதன் பின்னரே உண்மையான எச்சரிக்கையைச் சொன்னார்கள். அபூலஹப் ஏசினான், ஆனால் பொய்யர் என்று அன்று அவனாலும் சொல்ல முடியவில்லை. அந்த நம்பிக்கை குன்றின்மேல் பிறந்ததா? கதீஜா நாயகியாரின் சரக்கைக் கொண்டுபோய் விற்று, காசு குறையாமல் கணக்கு ஒப்படைத்த கடைத்தெருவில் பிறந்தது. வியாபாரிகளாகிய நாம் இதை நெஞ்சில் வைக்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் ரிங்லெட் சுல்தான் அபூபக்கர் அணையின் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அழிந்தன, உயிர்களும் போயின. அபாயச் சங்கு ஒலித்ததா, ஒலித்தும் ஜனங்களுக்கு எட்டவில்லையா என்ற வாதம் பிறகு நடந்தது. நம் பக்கத்துத் தெலோம் ஆற்று நீரும் சுரங்க வழியாகப் பெர்த்தாமில் சேர்ந்து அந்த அணைக்கே போகிறது. ஆகவே அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர்.

மழை வலுத்த நாளில், எவரோ அனுப்பிய பழைய படத்தை 'மலை சரிந்தது' என்று பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோமே, அதை என்னென்பது? தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் ஆணையிடுகிறது. கல்லாவில் உட்கார்ந்து வதந்தி பரப்பியவர் மெய்யான ஆபத்தில் கதவைத் தட்டினால் எவர் எழுந்து வருவார்?

கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் வேலை செய்கிறார்கள். வரும் அறிவிப்பு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அவர்களில் எத்தனை பேருக்குப் புரியும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடைக்காரர்கள் சற்றுத் தங்குங்கள். யார் எந்தக் கொட்டகைக்குப் போய் எழுப்புவது என்று பேசி எழுதிக்கொள்வோம். பாக்கிக் கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். ஆற்றோரம் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.