நான்கு புள்ளி

ஸ்னூக்கரில் ஒரு ஃபவுலுக்கு விலை உண்டு. குறைந்தது நான்கு புள்ளி. கறுப்புப் பந்து சம்பந்தப்பட்டால் ஏழு. அது எதிராளியின் கணக்கில் சேரும், ஆட்டம் தொடரும். போன மாதம் நீ செய்த ஃபவுல் இருக்கிறதே என்று இந்த மாதம் யாரும் ஆரம்பிப்பதில்லை. தவறுக்கு இப்படி ஒரு விலையும் அந்த விலைக்கு ஓர் எல்லையும் இருப்பது, பெண்ணாக வளர்ந்த எனக்கு விசித்திரமாகவே பட்டது.

அடிக்கும்போது கோலின் நுனி வெள்ளைப் பந்தை மட்டுமே தொட வேண்டும். கையோ சட்டையின் முனையோ வேறு பந்தில் உரசினால் ஃபவுல். இந்த விதியை எழுதியவர்கள் துப்பட்டாவை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். குனிந்து குறி பார்க்கும் பெண்ணுக்குப் பந்தைக் கவனிப்பதோடு துப்பட்டாவைக் கவனிக்கும் வேலையும் சேர்ந்துவிடுகிறது. அந்த உரசலைப் பெரும்பாலும் அவளைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. பெரிய போட்டிகளில் நடுவர் இருப்பார். தெருமுனைக் கூடத்தில் நடக்கும் பூல் ஆட்டத்தில் யார் இருக்கிறார்கள்? எதிராளி டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆடுபவரே நிமிர்ந்து நின்று, “பட்டுடுச்சு, ஃபவுல்” என்று சொல்ல வேண்டும். விதிப்புத்தகம் இல்லாத இடத்திலும் இந்த மரபு இருக்கிறது. இதைக் கனவான்களின் பண்பு என்கிறார்கள்.

கனவான்கள் யார் என்பதில்தான் எனக்குச் சிக்கல். ஸ்னூக்கருக்கும் நம் மாநிலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய இந்த ஆட்டத்துக்கு, 1882-இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதிச் சுவரில் மாட்டப்பட்டன. ஆளவந்த ஆண்கள் தங்களுக்குள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிக்கொண்ட அறை அது. நம்பிக்கை அந்த அறைக்குள் மட்டும்தான். வெளியே மலையில் வேலை செய்தவர்களின் சொல்லுக்கு அந்த மதிப்பு இருந்ததாக எந்த வரலாறும் சொல்லவில்லை.

கோல்ஃபில் இன்னும் பிரபலமான கதை ஒன்று உண்டு. 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் அடிக்கத் தயாரானபோது பந்து மெல்ல அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. தானே சொல்லி ஓர் அடி அபராதம் வாங்கிக்கொண்டார். அதனால் சமநிலை ஆகி, கூடுதல் ஆட்டத்தில் வில்லி மேக்ஃபர்லேனிடம் பட்டத்தை இழந்தார். நேர்மையின் உதாரணமாக இன்றும் அவரைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அது உண்மையிலேயே நல்ல செயல். அதே ஜோன்ஸ் சேர்ந்து நிறுவிய அகஸ்டா நேஷனல் கிளப் பெண்களை உறுப்பினர்களாக ஏற்றது 2012-இல். பந்து அரை அங்குலம் அசைந்ததைக் கவனித்த அந்தப் பாரம்பரியம், வாசலில் பாதி மனித குலம் நிற்பதைக் கவனிக்க ஏறத்தாழ எண்பது வருடம் எடுத்துக்கொண்டது.

இப்போது மேசையைச் சுற்றிப் பெண்கள் இருக்கிறார்கள். சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோகாவில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். கேரமில் 2008-இலேயே வியாசர்பாடி இளவழகி பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024-இல் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா அமெரிக்காவிலிருந்து மூன்று தங்கத்தோடு திரும்பினார். தருமபுரியில் நான் பாடம் நடத்தும் பெண்களுக்கு ஸ்னூக்கர் மேசை எட்டாத தூரம். கேரம் போர்டு எட்டும். மதிய இடைவேளையில் போரிக் பவுடர் வாசனையோடு வகுப்புக்கு வருவார்கள். அங்கேயும் நடுவர் கிடையாது. கை பட்டால், துப்பட்டா இழுத்தால், ஆடுபவளே சொல்ல வேண்டும். வென்ற காய் ஒன்றைத் திரும்ப போர்டில் வைக்க வேண்டும்.

இந்தப் பெண்களிடம் உன் ஃபவுலை நீயே சொல் என்று அறிவுரை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் அந்த வாக்கியத்தை எங்கிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள்? “ஒத்துக்க. யாருகிட்ட பேசுன? ஏன் பஸ்ஸ விட்ட? ஃபோனக் குடு.” ஒப்புக்கொள்ளுதல் என்பது அவர்கள் வீட்டில் ஒரு விசாரணையின் கடைசிப் படி. தானாகச் சொன்னாலும் விலை குறைவதில்லை. விலை இன்னது என்றும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாம்பாரில் உப்பு கூடிய கதை நாத்தனார் மகளின் சடங்கில் பேசப்படும். ஒரு பையனோடு பஸ் நிறுத்தத்தில் நின்றதற்கு விலையாகப் படிப்பே போகலாம், பதினேழு வயதில் கல்யாணம் வரலாம். இப்படிப்பட்ட கணக்கில் வளரும் பெண் மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். அதைப் பொய் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அது அவள் கையில் இருந்த ஒரே கதவு.

ஏட்ரியன் ரிச் 1975-இல் பெண்கள், மானம், பொய் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் வேரைத் தொட்டார். ஆணின் மானம் அவன் கொடுக்கும் வாக்கில் இருந்தது. பெண்ணின் மானத்தை அவள் உடம்பில் வைத்தார்கள். அதனால் அவள் சொல் உண்மையா என்று கேட்க வேண்டிய அவசியமே சமூகத்துக்கு வரவில்லை. நம் ஊரில் இதை விளக்கத் தனியாகக் கட்டுரை வேண்டாம், ‘மானம் போச்சு’ என்று யாரைப் பற்றி எப்போது சொல்கிறோம் என்று பார்த்தால் போதும்.

எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒப்புக்கொள்வதைப் பற்றி எழுதினால் வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. விளையாட்டுத் தவறையும் அந்தக் கொடுமையையும் ஒரே தராசில் வைக்கவில்லை. யாரிடம் ஒப்புதல் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பதை மட்டும் அங்கே பார்க்கச் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். சந்தனமரக் கடத்தல்காரர்கள் என்று பழங்குடி மக்கள்மேல் குற்றம் சுமத்தப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 அரசு ஊழியர்கள்மேல் வழக்கு நடந்தது. தீர்ப்பு வருமுன் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மீதியிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023-இல். முப்பத்தொரு வருடம். அத்தனை வருடமும் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது அந்தப் பெண்களுக்குத்தான்.

வகுப்பில் இதைப் பேசிய ஒரு நாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அப்போ நாங்க மட்டும் எதுக்கு மேம் சொல்லணும்? சொல்ல வேண்டியவங்க யாருமே சொல்லலையே.”

நியாயமான கேள்வி. நேர்மை நல்லது என்று சொல்லி அதை மூடிவிட முடியாது. விலைக்கு எல்லை இல்லாத இடத்தில், கேட்பவர் கையில் முழு அதிகாரமும் இருக்கும் இடத்தில், ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டு விசாரணையை விளையாட்டுப் பண்பு என்று பெயர் மாற்றிக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் கேரம் போர்டு அந்த இடம் இல்லை. அங்கே நால்வரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விலை தெரியும்: ஒரு காய். யாரும் அவளை மிரட்டிக் கேட்கவில்லை. நடந்ததற்கு அவள் ஒருத்திதான் சாட்சி, அவள் சொன்னால் அதுவே முடிவு. ஒரு பெண்ணின் சொல்லுக்கு அவ்வளவு எடை இருக்கும் இடம் இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். துப்பட்டா பட்டதை அவள் மறைத்தால் எதிராளிக்கு ஒரு காய்தான் நட்டம். அவளுக்கோ, தன் வார்த்தையை நான்கு பேர் கேள்வியில்லாமல் நம்பும் அந்த இடமே போய்விடும். நான் அவளிடம் சொன்னது ஏறத்தாழ இதுதான், இவ்வளவு கோவையாக இல்லை.

அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “நம்புவாங்க மேம், ஆனா நான் ஃபவுல் சொன்னா, இவளுக்கு ஆடத் தெரியலனுதான் நினைப்பாங்க. ஒரு பையன் சொன்னா, பாரு எவ்ளோ நல்லவன்னு சொல்வாங்க.” அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஒரே வாக்கியம் ஆண் சொன்னால் குணமாகவும் பெண் சொன்னால் குறையாகவும் கேட்கிறது என்பதை எந்த விதிப்புத்தகமும் சரிசெய்யாது. பெண்கள் மட்டும் சேர்ந்து ஆடும்போது அந்தக் காது கொஞ்சம் மாறுகிறது என்று மட்டும் கவனித்திருக்கிறேன்.

அதன்பின் அவர்களே போர்டுக்கு விதி வகுக்க உட்கார்ந்தார்கள். தானாகச் சொல்பவளுக்கு அபராதம் வேண்டாம், மற்றவள் பிடித்தால் மட்டும் ஒரு காய் என்று வைக்கலாமே, எல்லாரும் சொல்வார்கள் என்றேன். ஒருத்தி சிரித்தாள். “சொன்னதுக்குத் தள்ளுபடியா மேம்? அப்புறம் வேணும்னே தட்டிவிட்டுட்டு சொல்லிட்டே இருப்பா.” இன்னொருத்தி, பிடிபட்டால் இரண்டு காய் என்றாள். அதையும் ஏற்கவில்லை. பிடிப்பதற்காகவே ஒருத்தி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஆயிடும் என்றார்கள். கடைசியில் யார் சொன்னாலும் ஒரு காய் என்று நிறுத்தினார்கள். துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஆடலாமா என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது.