வேலியும் விரதமும்

ஏழு வியசனங்களை எண்ணிய நம் முன்னோர் சூதினையே முதலில் வைத்தனர். கள், களவு முதலிய ஏனைய தீமைகளுக்கு அது வாயிலாதலின் அவ்வாறு வைத்தனர் என்பர் பெரியோர்.

சூதினின்று மீள விரும்புவோர்க்கு இக்காலத்தில் மேலைநாடுகளில் ஓர் ஏற்பாடு உள்ளது. சூதாடுபவன் தானே முன்வந்து, 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று எழுதிக் கொடுக்கிறான். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1996-ஆம் ஆண்டு இது தொடங்கிற்று. அப்பதிவு அன்று வாழ்நாள் முழுமைக்கும் உரியது. பதிந்தவன் சூதாட்ட விடுதியுள் நுழைந்தால் அத்துமீறிய குற்றத்திற்கு ஆளாவான். பிரிட்டனில் 2018-இல் தொடங்கிய காம்ஸ்டாப் என்னும் பதிவேட்டில் ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு எனக் காலம் குறிக்கலாம். அக்காலம் முடியுமுன் அவனே வேண்டினும் தடை நீங்காது. 2020 மார்ச் 31 முதல் அந்நாட்டு உரிமம் பெற்ற இணையவழிச் சூதாட்ட நிறுவனங்கள் அனைத்தும் இதற்குக் கட்டுப்பட்டவை.

ஈண்டு ஒரு வினா எழும். பிறர் கதவடைத்தமையால் ஆடாதிருப்பவன், சூதினை விட்டவன் ஆவானா? சிறையிலிருப்பவன் களவு செய்யாமை விரதமாகாதே! மனம் அவாவி நிற்க, உடல் மட்டும் விலகி நிற்பதால் பயன் யாது?

ஐயம் தக்கதே. ஆயினும் சிறைக்கதவை அடைத்தவன் பிறன். இக்கதவை அடைக்கச் சொன்னவனோ அவனே. தெளிந்த பொழுதில் எழுந்த அறிவு, மயங்கும் பொழுதிற்கு முன்னரே காவல் இடுகிறது. நம் திசைவிரதமும் இத்தகையதன்றோ? ஆற்றையும் மலையையும் எல்லையாகக் கொண்டு, 'இதற்கப்பால் செல்லேன்' என்று இல்லறத்தான் உறுதி ஏற்கிறான். எங்கும் எப்பொழுதும் மனத்தை அடக்குதல் அவனுக்கு எளிதன்று. ஆதலின் இடத்திற்கு எல்லை வகுக்கப்பட்டது. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கால வரையறையோடு துறத்தலை நியமம் என்றும், வாழ்நாள் முழுதும் துறத்தலை யமம் என்றும் பிரித்துரைத்தார். ஆறு மாதத்திற்கு எழுதிக் கொடுப்பவன் ஒரு நியமத்தின் வாயிலை அடைந்தவனே. தன் வலிமையின்மையை ஒப்புக்கொள்ளுதல் இழிவன்று. மானம் என்னும் கஷாயம் தளர்வதன் அடையாளம் அது.

எனினும் வேலியே பயிராகிவிடாது. பதிவேடு உரிமம் பெற்றோரை மட்டுமே கட்டும். உரிமமற்ற அயல்நாட்டுத் தளங்களை அது தடுக்காது. அவற்றைத் தேடிச் செல்பவன், தான் வகுத்த எல்லையைத் தானே விரித்துத் திசைவிரதத்திற்கு அதிசாரம் இழைப்பவனை ஒப்பான். அவனைக் காக்கவல்லது நற்காட்சி ஒன்றே. வேலி தருவது கால அவகாசம். அக்காலத்தில் சாமாயிகமும் நூலோதலும் நல்லார் இணக்கமும் பழகினால், தடை நீங்கும் நாளில் அவனுக்கு அத்தடை வேண்டியிராது.

நம் இல்லங்களில் எவரேனும் இவ்வலையில் வீழ்ந்தால் இகழ்ந்து ஒதுக்கலாகாது. அவரே இசைந்து பணப்பொறுப்பை மனைவியிடமோ தமையனிடமோ ஒப்படைத்தால், அதுவும் ஒரு வேலியே. பிறர் குறையைப் பறைசாற்றாத உபகூகனமும், வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அடங்கும். வேலி கட்ட முனைபவனுக்குக் கைகொடுத்தல் உற்றார் கடனாகும்.

அறம் வளர்க!