நல்ல தண்ணீர்

உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று இரண்டு வழக்குகள். முதலாவது ரசாயனத்தைச் சேர்ந்தது. இரண்டாவது ஒழுக்கத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பதமாக நிற்பதில் இருக்கிற விசித்திரம் நமக்கு உறைப்பதில்லை. காட்டாங்குளத்தூரில் வீடு பார்க்க வருகிறவர் ‘நல்ல தண்ணி உண்டா?’ என்று கேட்ட பிறகுதான் வாடகைக்கு வருகிறார். வீட்டுக்காரர் நல்லவரா என்பதெல்லாம் அப்புறம்.

நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று பள்ளிக்கூடம் சொன்ன தண்ணீரை யாரும் குடித்ததில்லை. ஆக்ஸிஜனோடு சேர்ந்த இரு ஹைட்ரஜன்களும் நேர்கோட்டில் நிற்காமல் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருப்பதால், மூலக்கூறின் ஒரு பக்கத்தில் லேசான எதிர்மின்னேற்றம், மறுபக்கத்தில் நேர்மின்னேற்றம். உப்பை இழுத்துப் பிரித்துத் தன்னுள் வைத்துக்கொள்வது இதனால்தான். ஆகவே கரைப்பது தண்ணீருக்கு நேர்ந்துவிட்ட களங்கமல்ல, அதன் ஸ்வபாவம். மழை, காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, அந்த லேசான அமிலத்தோடு பாறைக்குள் இறங்குகிறது. வெடிப்புகளில் எத்தனை காலம் தங்குகிறதோ அத்தனைக்கும் கல்லைச் சுமக்கிறது. ஆழ்துளைக் குழாய் கீழே போகப் போக நமக்குக் கிடைப்பது பழைய தண்ணீர். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கால்சியம் பைகார்பனேட்டைக் காய்ச்சிப் பிரித்துவிடலாம். சல்ஃபேட்டும் குளோரைடும் அசைந்துகொடுக்காது.

குடிநீருக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 10500, 2012) கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாமாம். முதல் எண் தண்ணீரைப் பற்றியது. இரண்டாவது எண் மனிதர்களைப் பற்றியது. கதியற்றவனின் சிறுநீரகம் நான்கு மடங்கு உப்பைத் தாங்கும்படி படைக்கப்படவில்லை. இதைப் பாசாங்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 500 என்று மட்டும் எழுதிவிட்டு, கிடைப்பதையும் குடிக்காதே என்பது இன்னொரு கொடுமை. என் ஆட்சேபம் ‘இல்லாத’ என்ற சொல்லின் மீது. அது ஏதோ பூகோள நிலவரம்போல ஒலிக்கிறது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, சுற்றுவட்டார வயல் கிணறுகளிலிருந்து லாரிகள் நகரத்துக்கு ஓடின. நகரத்தின் ‘வேறு ஆதாரம்’ அந்தக் கிணறு. கிணற்றுக்காரனின் அண்டை வீட்டானுக்கு வேறு ஆதாரம் எது?

எதிர்ச் சவ்வூடு பரவல் இதையே வீட்டுச் சமையலறையில் நிகழ்த்துகிறது. அழுத்தம் கொடுத்தால் சவ்வுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் முன்னைவிடச் செறிந்த உப்பு நீர். எதுவும் அழிவதில்லை. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறவர்கள் மிச்சத்தைக் கடலிலேயே விடுகிறார்கள். கடல் பெரியது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். தெருவுக்கு அந்த நியாயம் இல்லை. குழந்தைக்கு நல்ல தண்ணீர் கொடுக்கிற தகப்பனைக் குற்றம் சொல்ல நான் யார்? ஆனாலும் சவ்வு ஒதுக்கியது சாக்கடை வழியாக, பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் மண் வழியாக, கீழே போகிறது. அங்கே யாரோ ஒருவருடைய குழாய் இறங்கியிருக்கிறது. அவரும் சவ்வு வாங்குவார். வாங்க முடியாதவருக்கு 2000 இருக்கிறது.

இத்தனை பாடுபட்டு உப்பு நீக்கிய தண்ணீர் சப்பென்று இருப்பதால், கடைசியில் கொஞ்சம் கால்சியமும் மெக்னீஷியமும் திரும்பச் சேர்த்து அதற்குத் தனி விலை வைக்கிறார்கள்.